உடைந்த ஒன்பதும் உடையாத முப்பத்தொன்றும்

1912 நவம்பர் 12. அண்டார்க்டிகாவின் வெண்பனி வெளியில் பாதி புதைந்து கிடந்த ஒரு கூடாரம் தேடல் குழுவின் கண்ணில் பட்டது. உள்ளே கேப்டன் ஸ்காட்டும் இரண்டு தோழர்களும் உயிரற்றுக் கிடந்தார்கள். ஜனவரியில் தென் துருவத்தை மிதித்துவிட்டுத் திரும்பியவர்கள், பசியும் குளிருமாக மார்ச் இறுதியில் முடிந்துபோனார்கள். அடுத்த உணவுக் கிடங்கு அங்கிருந்து ஏறக்குறைய 20 கிலோமீட்டர்தான். அவர்கள் இழுத்துவந்த வண்டியில் 16 கிலோ கற்கள் இருந்தன. நடக்கவே தெம்பில்லாத மனிதர்கள் அந்தச் சுமையைக் கடைசிவரை இறக்கி வைக்கவில்லை.

பிப்ரவரி மாதம் பியர்ட்மோர் பனியாற்றின் ஓரத்தில் பொறுக்கிய கற்கள் அவை. சிலவற்றில் இலையின் அச்சுப் பதிந்திருந்தது. கேம்பிரிட்ஜ் தாவரவியல் பேராசிரியர் சீவர்ட் அவற்றை ஆராய்ந்து 1914இல் எழுதினார்: குளோசாப்டெரிஸ். நாக்குப் போல நீண்ட இலை, நடுவே தடித்த நரம்பு, அதிலிருந்து வலைபோலப் பிரியும் சிறு நரம்புகள். நமக்கு இது அந்நிய இலை அல்ல. ராணிகஞ்சிலும் ஜாரியாவிலும் வெட்டும் நிலக்கரி, இந்த இலையை உதிர்த்த காடுகள் மண்ணுக்குள் மட்கி இறுகியதால் உண்டானது. ஒடிசாவின் தால்ச்சேரிலிருந்து கப்பலேறி வடசென்னைக்கும் தூத்துக்குடிக்கும் வந்து நம் வீட்டு விளக்கை எரிக்கும் கரியும் அந்த வம்சம்தான்.

வங்காளத்துச் சுரங்கத்தில் கிடைக்கும் இலை, ஒரு மரம்கூட நிற்காத பனிக்கண்டத்துக்கு எப்படிப் போனது?

அதே 1912ஆம் ஆண்டு, ஜனவரி 6ஆம் தேதி, ஸ்காட் துருவத்தை நெருங்கிக்கொண்டிருந்த நாள்களில், ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில் 31 வயது வானிலை ஆய்வாளர் ஒருவர் மேடையேறி இதற்கு விடை சொல்லியிருந்தார். ஆல்பிரட் வெகனர். கண்டங்கள் ஒருகாலத்தில் ஒன்றாக இருந்தன, பிறகு விலகிப் போயின என்றார். இன்று எட்டாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லும் அந்தச் செய்தியை, நிலவியல் உலகின் பெரும்பகுதி அடுத்த ஐம்பது ஆண்டுகள் ஏற்கவில்லை. ஏன் ஏற்கவில்லை என்ற கதை, நாம் நாள்தோறும் வீட்டிலும் தெருவிலும் சட்டமன்றத்திலும் செய்யும் ஒரு தவற்றின் கதை. எதிராளி பத்துக் காரணம் சொல்கிறார். அதில் நோஞ்சானாக நிற்கும் ஒன்றைப் பிடித்து அடித்துப் போட்டுவிட்டு, பத்தும் விழுந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம்.

வெகனர் கையில் என்னென்ன இருந்தன என்று முதலில் பார்ப்போம். தென் அமெரிக்காவின் கிழக்கு விளிம்பும் ஆப்பிரிக்காவின் மேற்கு விளிம்பும் பொருந்துவதை அவருக்கு முன்பே பலர் கவனித்திருந்தார்கள். அவர் அதோடு நிற்கவில்லை. கிழிந்த செய்தித்தாளின் துண்டுகளை ஓரம் பார்த்துச் சேர்த்தால் மட்டும் போதாது, அச்சடித்த வரிகளும் ஒரு துண்டிலிருந்து அடுத்ததற்கு ஓட வேண்டும் என்றார். வரிகள் ஓடின. பிரேசிலின் பழைய பாறையடுக்குகள் அட்லாண்டிக்குக்கு அப்பால் ஆப்பிரிக்காவில் தொடர்ந்தன. மீசோசாரஸ் என்ற சிறிய நீர்வாழ் ஊர்வன, தென் அமெரிக்காவிலும் ஆப்பிரிக்காவின் தென்பகுதியிலும் மட்டும் கிடைத்தது. ஒரு மீட்டர் நீளமுள்ள அந்தப் பிராணி பெருங்கடலை நீந்திக் கடந்திருக்கும் என்பது நம்பக்கூடியதல்ல.

எல்லாவற்றிலும் வலுவான சாட்சி பனி. தால்ச்சேரில் 1856இலேயே ஆங்கிலேய நிலவியலாளர்கள் ஒரு விசித்திரத்தைப் பார்த்திருந்தார்கள். நுண்ணிய சேற்றுப் பாறைக்குள் பெரிய பெரிய குண்டுக் கற்கள் சிதறிக் கிடந்தன. ஓடும் ஆறு இப்படிச் செய்யாது. கல்லை ஓரிடத்திலும் சேற்றை வேறிடத்திலும் பிரித்துப் போடும். இரண்டையும் ஒன்றாக வாரிக்கொண்டு வந்து கொட்டுவது பனிக்கட்டி. மகாராஷ்டிரத்தின் சந்திராப்பூர் அருகே இரை ஆற்றங்கரையில், கீழ்ப்பாறை வழவழவென்று தேய்ந்து, அதன்மேல் இணைகோடுகளாகக் கீறல்கள் இருந்தன. பனியாறு தன் அடியில் கல்லைச் சிக்கவைத்து இழுத்துப் போன தடம் அது. கோடையில் 45 டிகிரி கொளுத்தும் ஊரில் பனியாறு! இதே காலத்துக் கீறல்கள் தென் ஆப்பிரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் பிரேசிலிலும் இருந்தன. சில இடங்களில் அவை காட்டும் திசைப்படி, பனி இன்றைய கடல் பக்கமிருந்து கரையேறி வந்திருக்க வேண்டும். இந்த நிலங்களைத் தனித்தனியே இன்றைய இடங்களில் வைத்தால் பாதி உலகமே உறைந்திருக்க வேண்டும். தென் துருவத்தைச் சுற்றி ஒன்றாகக் கூட்டினால், ஒரே ஒரு பனித்தொப்பி போதும்.

இனி அவருடைய நோஞ்சான் பிள்ளைகள். கண்டங்களை நகர்த்திய விசை எது? சுழலும் பூமியில் கண்டங்களைத் துருவத்திலிருந்து நிலநடுக்கோட்டை நோக்கித் தள்ளும் மெல்லிய விசை ஒன்று உண்டு. சூரிய சந்திரரின் ஓத இழுப்பும் உண்டு. இவ்விரண்டையும் அவர் கைகாட்டினார். கிரீன்லாந்து மேற்கே நகர்வதை அளந்தாயிற்று என்றும் எழுதினார். பழைய தீர்க்கரேகை அளவீடுகளை ஒப்பிட்டு அவர் காட்டிய வேகம் ஆண்டுக்குப் பல மீட்டர். உண்மையில் வட அட்லாண்டிக் விரியும் வேகம் ஆண்டுக்கு இரண்டு சென்டிமீட்டர் சொச்சம், நகம் வளரும் வேகம். அவர் அளவு என்று நம்பியது அளவைப் பிழை.

கேம்பிரிட்ஜின் ஹாரால்டு ஜெப்ரீஸ் கணக்குப் போட்டார். 1924இல் வெளிவந்த தம் நூலில், வெகனர் சொன்ன விசைகள் தேவைப்படுவதில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் தேறும் என்று காட்டினார். அமெரிக்காவை நகர்த்தும் அளவுக்கு ஓதவிசை இருந்திருந்தால், அது பூமியின் சுழற்சியையே ஓராண்டுக்குள் நிறுத்தியிருக்கும். அந்தக் கணக்கில் பிழை இல்லை. இன்றைக்கும் அது சரியான கணக்கு.

பிழை அதற்கு அடுத்த அடியில் நேர்ந்தது. ‘இந்த விசை கண்டங்களை நகர்த்தாது’ என்பதிலிருந்து ‘கண்டங்கள் நகரவில்லை’ என்பதற்குத் தாவினார்கள். இடையில் இருந்த பள்ளத்தை யாரும் குனிந்து பார்க்கவில்லை. வீட்டில் நகை காணோம். பூட்டு உடைந்திருக்கிறது, பீரோ திறந்து கிடக்கிறது, சேற்றுக் காலடி வாசல்வரை போகிறது. திருடன் புகைபோக்கி வழியாக வந்திருப்பான் என்று வீட்டுக்காரர் ஊகிக்கிறார். அதில் பூனைகூட நுழைய முடியாது என்று காவலர் அளந்து நிரூபிக்கிறார். நிரூபித்துவிட்டு, ஆகவே திருட்டே நடக்கவில்லை என்று எழுதிக்கொண்டு போனால் எப்படி?

வெகனருக்குத் தம் பலவீனம் தெரியாமலில்லை. 1929இல் வந்த நான்காம் பதிப்பில், நகர்வுக் கொள்கைக்கு இன்னும் ஒரு நியூட்டன் பிறக்கவில்லை என்ற பொருளில் அவரே எழுதினார். அடுத்த ஆண்டு நவம்பரில் கிரீன்லாந்தின் பனியில், சகாக்களுக்கு உணவு சேர்த்துவிட்டுத் திரும்பும் வழியில் இறந்தார். அவர் ஒப்புக்கொண்ட குறையையே அவர்மேல் சுமத்திய குற்றப் பத்திரிகையின் முதல் பக்கமாக வைத்தார்கள்.

1926 நவம்பரில் நியூயார்க்கில் பெட்ரோலிய நிலவியலாளர்கள் இதற்கென்றே ஒரு கருத்தரங்கு கூட்டினார்கள். சிகாகோவின் ராலின் சேம்பர்லின் எதிர்வாதங்களை எண் போட்டு அடுக்கினார். இப்படி ஒரு கொள்கை உலவ இடம் கொடுத்தால் நிலவியலை அறிவியல் என்று சொல்லிக்கொள்ள முடியுமா என்ற கேள்வியும் அங்கே எழுந்தது. கண்டங்களின் கடற்கரைக் கோட்டை வைத்துப் பார்த்து, பொருந்தவில்லை என்றவர்கள் பலர். வெகனர் கடற்கரையைச் சொல்லவில்லை. நீருக்கடியில் நீளும் கண்டத்திட்டின் விளிம்பைச் சொன்னார். கடற்கரை என்பது கடல்மட்டம் ஏறி இறங்கும்போது மாறும் கோடு. 1965இல் எட்வர்டு புல்லார்டும் அவர் குழுவும் கணினியில் அந்த நீரடி விளிம்பைப் பொருத்திப் பார்த்தபோது, துண்டுகள் கச்சிதமாக உட்கார்ந்தன. சொன்னதை விட்டுவிட்டுச் சொல்லாததை மறுத்ததில் நாற்பது ஆண்டு ஓடியிருந்தது.

படித்த, நேர்மையான, திறமையான மனிதர்கள் ஏன் இப்படிச் செய்கிறார்கள்? சிகாகோ பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டோபர் சீ 1998இல் வெளியிட்ட ஒரு சோதனை இதற்கு ஒரு பக்கவாட்டு வெளிச்சம் தருகிறது. பீங்கான் பாத்திரத் தொகுப்பு ஒன்று விற்பனைக்கு. அதில் 24 உருப்படி: சாப்பாட்டுத் தட்டு எட்டு, சூப்புக் கிண்ணம் எட்டு, சிறு தட்டு எட்டு, எல்லாம் பழுதில்லாதவை. இன்னொரு தொகுப்பில் 40 உருப்படி. அதே 24ம் அப்படியே உண்டு. கூடவே எட்டுக் கோப்பை, அவற்றில் இரண்டு உடைசல். எட்டு சாசர், அவற்றில் ஏழு உடைசல். அதாவது உடையாதவை 31, உடைந்தவை ஒன்பது. இரண்டையும் அருகருகே காட்டினால் மக்கள் பெரிய தொகுப்புக்குச் சற்றுக் கூடுதல் விலை சொன்னார்கள். ஒருவருக்கு ஒன்றை மட்டும் காட்டினாலோ, 24க்குச் சொன்ன விலை 31க்குச் சொன்னதைவிட அதிகம்.

கையில் வந்து சேரும் நல்ல பாத்திரங்கள் கூடுகின்றன, மதிப்போ குறைகிறது. மனம் கூட்டிப் பார்க்கவில்லை, சராசரி பார்க்கிறது. உடைந்த ஒன்பது, உடையாத முப்பத்தொன்றின் மேல் தன் நிழலைப் போட்டுவிடுகிறது. வாதங்களைக் கேட்கும்போதும் மனம் இதே வழியில் போகிறது என்று நினைக்கிறேன். வெகனரின் தொகுப்பில் இலையும் ஊர்வனவும் பனிக்கீறலும் பாறை வரிகளும் உடையாத தட்டுகள். துருவ விசையும் கிரீன்லாந்து அளவும் உடைந்த சாசர்கள். அவர் அவற்றைக் கடையில் வைக்காமலே இருந்திருந்தால் கூடுதல் விலை போயிருப்பார்.

ஒரு மறுப்பு எழும், நியாயமான மறுப்பு. பலவீனமான கண்ணியைப் பார்ப்பதுதானே முறை? ஒரு கண்ணி அறுந்தால் சங்கிலியே அறுந்ததாகாதா? ஆகும், அது சங்கிலியாக இருந்தால். கணிதத்தில் ஒரு நிரூபணத்தின் ஐந்தாம் வரி தவறென்றால் பத்தாம் வரி நிற்காது. ஆனால் உலகத்தைப் பற்றிய பெரும்பாலான வாதங்கள் சங்கிலி அல்ல, தேர்வடம். பல புரிகளை முறுக்கித் திரித்த கயிறு. இரண்டு புரி இற்றுப்போனாலும் மீதி இழுக்கும், தேர் நகரும். எதிராளியின் வாதத்தைக் கேட்டதும் முதலில் கேட்க வேண்டியது இது சங்கிலியா வடமா என்பதே. ‘கண்டங்கள் நகர்ந்தன’ என்ற முடிவு ‘இந்த விசையால் நகர்ந்தன’ என்பதன்மேல் கட்டப்பட்டிருக்கவில்லை. வடநாடுகளைப் பனியுகம் மூடியிருந்ததை அதன் காரணம் தெளிவாகும் முன்பே அறிவியல் ஏற்றுக்கொண்டிருந்தது. பாறைக் கீறலைப் பார்த்து ஏற்றார்கள். அதே மாதிரிக் கீறல் இரை ஆற்றங்கரையிலும் இருந்தது.

இதுவரை எழுதியதைப் படித்தவருக்கு வெகனர் நாயகனாகவும் ஜெப்ரீசும் சேம்பர்லினும் பிடிவாதக்காரர்களாகவும் தெரிந்திருப்பார்கள். பாடநூல்களும் ஆவணப் படங்களும் கதையை இப்படித்தான் சொல்கின்றன. அமெரிக்காவின் பெய்லி வில்லிஸ் 1944இல் கண்ட நகர்வைத் தேவதைக் கதை என்று தலைப்பிட்டே எழுதினார் என்பதை எடுத்துப் போட்டால், அந்தத் தரப்பு முழுவதும் சிரிப்புக்கு இடமாகிவிடும். அப்படிச் செய்தால், அவர்கள் வெகனருக்குச் செய்ததை நாம் அவர்களுக்குச் செய்கிறோம். அவர்களுடைய உடைந்த சாசரை மட்டும் காட்டுகிறோம். அவர்கள் கடையில் உடையாத தட்டு இருந்ததா?

இருந்தது, மிக நல்ல தட்டு. நிலநடுக்க அலைகளைப் படிப்பதில் ஜெப்ரீசுக்கு நிகரானவர் அன்று சிலரே. பூமியின் மையத்தில் உள்ள கருவம் திரவ நிலையில் இருக்கிறது என்று 1926இல் எடுத்துக்காட்டியவர் அவர். அவர் முன்வைத்த உண்மையான வாதம் இது: நிலநடுக்கத்தின் குறுக்கலைகள் திரவத்தில் ஓடா, திடப்பொருளில்தான் ஓடும். மேலோட்டுக்குக் கீழே உள்ள மூடகம் வழியாக அவை தடையின்றி ஓடுகின்றன. ஆகவே மூடகம் திடம். கடல்தளமோ கருங்கல்லான கண்டத்தைவிடக் கெட்டியான எரிமலைப் பாறை. இதைக் கண்டம் எப்படி உழுதுகொண்டு போகும்? மெழுகுக் கத்தியால் தேக்குப் பலகையை அறுக்க முடியுமா?

முடியாதுதான். இந்த இடத்தில் ஜெப்ரீஸ் சரி, வெகனர் தவறு. கண்டங்கள் கடல்தளத்தைப் பிளந்துகொண்டு நகரவில்லை. புவித்தட்டுக் கொள்கை வந்தபோது தெரிந்தது: கடல்தளமும் கண்டமும் சேர்ந்த பெரும் தட்டுகள் நகர்கின்றன, கண்டம் அதன்மேல் உட்கார்ந்து போகிறது. தெப்பத் திருவிழாவில் சாமி குளத்து நீரைக் கிழித்துக்கொண்டா போகிறார்? தெப்பம் போகிறது, சாமி கூடவே போகிறார். மூடகம் திடம் என்பதும் உண்மை. கெட்டித் தாரைச் சுத்தியலால் தட்டினால் கண்ணாடிபோலச் சிதறும். அதையே நாள்கணக்கில் வெயிலில் விட்டால் மெல்ல வழிந்து பரவும். நொடிகளில் கடக்கும் அலைக்கு மூடகம் கல், கோடி ஆண்டுகளுக்கு அது குழம்பு. ஆர்தர் ஹோம்ஸ் என்ற ஆங்கிலேயர் 1920களின் கடைசியிலேயே, பூமியின் உள்வெப்பத்தால் மூடகம் மெல்லச் சுழல்கிறது, அந்தச் சுழற்சியே கண்டங்களைச் சுமந்து போகிறது என்று சொல்லிவிட்டார். ஜெப்ரீசின் வலுவான கேள்வியை நேராக எதிர்கொண்டவர் என்பதால்தான் அவருக்கு அந்த விடை கிடைத்தது என்பது என் எண்ணம். கிரீன்லாந்து அளவில் பிழை கண்டுபிடித்துக் கொண்டிருந்தவர்களுக்குக் கிடைத்தது பிழை மட்டும்.

முட்டுக்கட்டை உடைந்ததில் நம் தக்காணத்துக்கும் பங்கு உண்டு. எரிமலைக் குழம்பு ஆறி இறுகும்போது அதிலுள்ள இரும்புக் கனிமங்கள் அந்த இடத்துக் காந்தப்புலத்தின் திசையிலேயே உறைந்துவிடும். நிலநடுக்கோட்டில் காந்தப்புலம் படுத்திருக்கும், துருவத்தில் செங்குத்தாக நிற்கும். பாறைக்குள் அது எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று அளந்தால், அந்தப் பாறை பிறந்த அட்சரேகை தெரியும். 1950களில் லண்டனில் பேட்ரிக் பிளாக்கெட்டின் குழு தக்காணத்துக் கரும்பாறைகளை அளந்தது. ஏறக்குறைய 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் அவை இறுகியபோது, இன்று மும்பை இருக்கும் நிலம் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே வெகுதூரத்தில் இருந்திருக்கிறது. இதற்கு விசை எது என்று தெரிய வேண்டியதில்லை. கல்லே வாக்குமூலம் கொடுத்துவிட்டது. 1963இல் கடல்தளத்தின் காந்தப் பட்டைகளுக்கு வைனும் மேத்யூசும் விளக்கம் தந்தார்கள். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் விவாதம் அநேகமாக முடிந்துவிட்டது. 1989இல் 97 வயதில் மறைந்த ஜெப்ரீஸ் மட்டும் கடைசிவரை ஏற்கவில்லை.

இதை எழுதும் உரிமை எனக்கு உண்டா என்று சொல்லிவிட வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ராமநாதபுரம் மாவட்டத்தில் ஒரு பள்ளிக் கூட்டத்தில் பேசப் போயிருந்தேன். எனக்கு முன் பேசியவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். குமரிக்கண்டம் மடகாஸ்கரிலிருந்து ஆஸ்திரேலியாவரை பரந்து கிடந்தது, தமிழன் அங்கே தோன்றினான், கடல் அதைக் கொண்டுபோனது என்று பேசினார். என் முறை வந்ததும் நான் அந்த ‘மடகாஸ்கர் முதல் ஆஸ்திரேலியாவரை’ என்பதைப் பிடித்துக்கொண்டேன்.

பிடித்துக்கொள்ள வேண்டியதெல்லாம் என்னிடம் இருந்தது. குமரிக்கண்டத்தோடு சேர்த்துப் பேசப்படும் லெமூரியா என்ற பெயரை 1864இல் வைத்தவர் பிலிப் ஸ்கிளேட்டர் என்ற விலங்கியலாளர். மடகாஸ்கரின் லெமூர்களுக்கும் நம் தேவாங்குக்கும் உள்ள உறவை விளக்க, இடையில் ஒரு நிலம் இருந்து மூழ்கியிருக்கும் என்று ஊகித்தார். அந்தக் காலத்துக்கு அது மோசமான ஊகமும் அல்ல. ஆனால் கண்டம் மூழ்காது. அந்த அறிவுக்கு வழிவிட்ட அளவைப் பணி தொடங்கியதே நம் பரங்கிமலையில்தான். 1802இல் லாம்ப்டன் அங்கே அடிக்கோடு அளந்து தொடங்கிய அளவை, இமயத்தின் அடிவாரம் போனபோது கணக்கு இடித்தது. மலையின் ஈர்ப்பு தூக்குக்குண்டை எதிர்பார்த்த அளவுக்கு இழுக்கவில்லை. 1855 வாக்கில் பிராட்டும் ஏரியும் அதை ஆராய்ந்ததில், மலைகளும் கண்டங்களும் எடை குறைந்த பாறையாலானவை, அடர்ந்த பாறையின்மேல் மிதப்பவை என்ற அறிவு பிறந்தது. தக்கையைக் கிணற்றில் மூழ்கடிக்க முடியாதது போலத்தான் கண்டத்தைக் கடலில் மூழ்கடிப்பதும். பரங்கிமலையின் கல்லான சார்னோகைட்டும் இலங்கையிலும் கிழக்கு அண்டார்க்டிகாவிலும் கிடைக்கிறது. நிலம் மூழ்கியதால் அல்ல, ஒட்டியிருந்தது பிரிந்ததால். பிரிந்தது கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பு. மனித இனம் தோன்றி ஏறக்குறைய மூன்று லட்சம் ஆண்டுகள்தான் ஆகின்றன.

சொல்லி முடித்தேன், கைதட்டினார்கள். ஆசிரியர் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். கூட்டம் கலைந்தபின் தேநீர் தம்ளரோடு பக்கத்தில் வந்தார்.

“தம்பி, நீங்க சொன்னது சரியாத்தான் இருக்கும். நான் படிச்சது அம்புட்டுதான். ஆனா நான் தனுஷ்கோடிக்காரன். அறுபத்து நாலுல எனக்குப் பதினோரு வயசு. ஊரைக் கடல் எடுத்துக்கிட்டு போனதைக் கண்ணால பார்த்தவன். கடல் ஒரு நாட்டைத் தின்னதுன்னு நம்ம முன்னோர் திரும்பத் திரும்பச் சொன்னாங்களே, அது சும்மாவா இருக்கும்? அதுக்கு நீங்க ஒண்ணும் சொல்லலையே.”

சொல்லவில்லைதான். அன்று இரவு பேருந்தில் திரும்பும்போது அந்தக் கேள்வி என்னை உறங்கவிடவில்லை. அவருடைய தொகுப்பில் மடகாஸ்கர் உடைந்த சாசர். உடையாத தட்டு ஒன்று என் கண்முன்னால் இருந்தது, நானே வகுப்பில் நடத்தும் பாடம். ஏறக்குறைய 20,000 ஆண்டுகளுக்கு முன், கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில், உலகக் கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிடச் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. பாக் நீரிணை கடலாகவே இல்லை, நிலம். இலங்கைக்கு நடந்து போகலாம். மன்னார் வளைகுடாவின் கரை இன்றைய கரைக்கு வெளியே தள்ளி இருந்தது. பனி உருக உருகக் கடல் ஏறியது. இலங்கையோடு இருந்த தரைவழி ஏறக்குறைய 7,000 ஆண்டுகளுக்கு முன்புவரை இருந்தது என்பது பரவலான கணிப்பு. அந்த நிலத்தில் மனிதர்கள் இருந்தார்கள். அவர்கள் என்ன மொழி பேசினார்கள் என்பதற்குச் சான்றில்லை, இத்தனை ஆயிரம் ஆண்டு நினைவு இலக்கியத்தில் வந்து சேருமா என்பதும் தனி வழக்கு. ஆனால் ‘கடல் நம் நிலத்தைக் கொண்டது’ என்ற வாக்கியத்துக்கு மெய்யான ஒரு பொருள் உண்டு. நான் மடகாஸ்கரை அடித்த அடியில் அதையும் சேர்த்துப் புதைத்துவிட்டு வந்திருந்தேன்.

நியாயமாக இரு என்று நமக்கு நாமே சொல்லிக்கொண்டால் போதாதா? போதாது என்கிறது ஆய்வு. 1979இல் ஸ்டான்போர்டில் சார்லஸ் லார்டும் லீ ராஸும் மார்க் லெப்பரும் மரண தண்டனை பற்றிய சோதனை ஒன்றை வெளியிட்டார்கள். 48 மாணவர்கள், பாதிப் பேர் ஆதரவு, பாதிப் பேர் எதிர்ப்பு. எல்லோருக்கும் இரண்டு ஆய்வறிக்கைகள் கொடுத்தார்கள், தண்டனை குற்றத்தைத் தடுக்கிறது என்று ஒன்று, தடுக்கவில்லை என்று ஒன்று. அவரவரும் தமக்குப் பிடிக்காத அறிக்கையில் ஓட்டைகளை நுணுக்கமாகக் கண்டுபிடித்தார்கள், பிடித்ததை மேலோட்டமாக ஏற்றார்கள். இரு தரப்பும் முன்னைவிட உறுதியாகி வெளியே போயின. 1984இல் லார்டும் லெப்பரும் பிரஸ்டனும் இதை மீண்டும் செய்தார்கள். ஒரு குழுவிடம், நீதிபதியைப் போல நடுநிலையோடு படியுங்கள் என்றார்கள். பலனில்லை. இன்னொரு குழுவிடம், இதே ஆய்வு இதே முறையில் நடந்து முடிவு மட்டும் எதிராக வந்திருந்தால் இந்தக் குறையை இவ்வளவு பெரிதாக எண்ணுவீர்களா என்று ஒவ்வொரு கட்டத்திலும் கேட்டுக்கொள்ளச் சொன்னார்கள். சாய்வு குறைந்தது. நல்ல எண்ணம் செய்ய முடியாததை ஒரு கேள்வி செய்தது.

நம்மிடம் இதற்கு இன்னும் பழைய ஒழுங்கு ஒன்று இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் அருள்நந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியாருக்கு இரண்டு பகுதிகள். தம் கொள்கையைச் சொல்லும் சுபக்கம் பின்னால்தான். முன்னால் நிற்பது பரபக்கம், பிறர் கொள்கை. உலகாயதன் தொடங்கிப் பதினான்கு தரப்பினரின் மதத்தை முதலில் வைத்து, அதற்குப் பிறகே மறுப்பு. ஆன்மாவும் கடவுளும் இல்லை என்பவனுக்கும் பேச இடம் உண்டு. அந்த இடம் எவ்வளவு முக்கியம் என்பதைக் குண்டலகேசியின் கதி சொல்லும். தமிழின் அந்தப் பௌத்த காப்பியம் அழிந்துபோய்விட்டது. சில பாடல்கள் தவிர, அதைப் பற்றி நாம் அறிவதில் பெரும்பகுதி, அதை மறுக்க எழுந்த சமண நூலான நீலகேசியின் வழியாகவும் அதன் உரை வழியாகவும் வந்தது. ஒருவருடைய வாதம் எதிராளியின் வாயில் மட்டும் மிஞ்சக்கூடும். வெறுமனே எதிராளியை உடைப்பதையே வேலையாகக் கொண்ட வாதத்துக்குத் தருக்க நூலார் வைத்த பெயர் விதண்டை.

மூன்று மாதம் கழித்து அந்த ஆசிரியரைத் தேடிப் போனேன். திண்ணையில் உட்காரவைத்தார். கடலடி ஆழம் காட்டும் வரைபடம் ஒன்றைக் கொண்டுபோயிருந்தேன். அதை விரிக்கும் முன், “ஐயா, அன்னைக்கு நீங்க சொன்னதை நான் புரிஞ்சுக்கிட்டபடி ஒரு தடவை சொல்றேன், சரியான்னு பாருங்க” என்றேன். கண்டம் எவ்வளவு பெரியது என்பது அவருக்கு முக்கியமில்லை. கடல்கோள் பற்றிய பழைய செய்தி கற்பனை அல்ல, கரையில் வாழ்ந்தவர்களின் அனுபவம். அனுபவித்தவன் பிள்ளைக்குச் சொல்லிவிட்டுத்தான் போவான். இப்படி நான் சொல்லி முடித்ததும் சற்று நேரம் பேசாமல் இருந்தார்.

“அதேதான் தம்பி. மடகாஸ்கர் எல்லாம் புஸ்தகத்துல படிச்சது. இது நான் சொன்னது.”

பிறகு வரைபடத்தைப் பார்த்தோம். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே பல இடங்களில் ஆழம் சில மீட்டர்தான் என்பதை விரலால் தடவிப் பார்த்தார். என் பேனாவை வாங்கி, வரைபடத்தின் பின்பக்கத்தில் ஒரு கரைக்கோடு போட்டார். ரயில் நிலையம், தேவாலயம், தபால் ஆபீஸ் என்று குறித்துக்கொண்டே வந்தார். கடைசியாக ஒரு சிறு சதுரம் போட்டு, எங்க வீடு என்றார். அது கரைக்கோட்டுக்கு வெளியே, கடலுக்குள் இருந்தது.